நன்றி, பரிமளா

கோயமுத்தூர் தண்ணிழல் முதியோர் இல்லத்தின் வருகைப் பதிவு மெஷின், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தாண்டவமூர்த்தியைப் பார்த்து "நன்றி, பரிமளா" என்று சொன்னது வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறேமுக்கால் மணிக்கு. அப்போது அவருக்கு வயது எண்பத்துநான்கு. அவர் அந்தப் பக்கம் போனது ஒரு ஈயை அடிக்க.

ஈ தப்பித்துவிட்டது. அவருடைய பெருவிரல் மெஷினின் கண்ணாடியில் பட்டது, பச்சை விளக்கு எரிந்தது, உள்ளே இருக்கிற பெண்குரல் நன்றி சொன்னது, டாலஸ் நகரத்தில் இருந்த எங்கள் முதலாளியின் செல்போனில் 'பரிமளா, பராமரிப்பாளர், வந்துவிட்டார்' என்று விழுந்தது. ஊரெல்லாம் ஆபீஸ்களில் விரல் வைக்கிற மெஷினுக்குத் துணியைப் போட்டு மூடியிருந்த கொரோனா காலத்தில், எங்கள் முதலாளி மட்டும் "வெச்சுட்டுத் துடைங்க, துடைச்சுட்டு வைங்க" என்று பிடிவாதமாக இருந்தார். ஆளைக் கண்ணால் பார்க்க முடியாதவர் விரலையாவது பார்க்க வேண்டாமா?

இதைச் சொல்கிற நான் ரோஸ்லின், ஐந்தாம் அறை. முப்பத்தாறு வருஷம் கோயமுத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டவள். அடுத்தவர் பேச்சைக் கேட்பது பாவம் என்று ஃபாதர் சொல்வார். எனக்கு அது உத்தியோகம், இப்போது பழக்கதோஷம். ஆகையால் இந்தக் கதையில் நான் பார்க்காததுகூட நான் கேட்டதுதான்.

மெஷின் ஏன் அப்படிச் சொன்னது என்றால், ரேகை இடம் மாறியிருந்தது. பங்குனியில் ஊரடங்கு போட்ட அன்று பராமரிப்புப் பெண்கள் பதினோரு பேரையும் எங்கள் இருபத்துமூன்று பேரோடு உள்ளே வைத்து கேட்டைப் பூட்டினார்கள். அன்றிலிருந்து அவர்கள் அறைக்குள் நுழையும்போது ஒரு தரம் கை கழுவி, வெளியே வரும்போது ஒரு தரம் கழுவி, மாத்திரை கொடுக்குமுன் கழுவி, மலம் துடைத்தபின் கழுவி, சோறு ஊட்டுமுன் கழுவி, ஊட்டியபின் கழுவி, கழுவிய கைக்கு அந்த வழவழப்பு மருந்தைப் போட்டுத் தேய்த்து, தேய்த்த கையால் மூக்கைத் தொட்டுவிட்டால் பதறி மறுபடி கழுவி, ஒரு நாளைக்கு அறுபது தரம், எழுபது தரம் என்று இரண்டு மாதம் கழுவியதில், அவர்கள் உள்ளங்கையில் முதலில் பொடிக் கோடுகள் போயின, பிறகு கல்யாண ரேகை போயிற்று, "சனியன் விட்டுது" என்றாள் செண்பகம், பிறகு புத்தி ரேகை, ஆயுள் ரேகை, விரல் நுனிச் சுழிகள் எல்லாம் போய், உள்ளங்கை கழுவி வைத்த பீங்கான் தட்டாக ஆயிற்று.

போன ரேகை எங்கே போயிற்று என்று யாரும் ரொம்ப நாள் கேட்கவில்லை. காய்ந்த மண்ணில் தண்ணீர் விட்டால் எங்கே போச்சு என்று கேட்போமா? அந்தக் கைகள் தினம் எங்களுக்கு எண்ணெய் தேய்த்தன, பவுடர் போட்டன, கட்டிலில் திருப்பிப் படுக்க வைத்தன. எங்களுடையதோ வறண்ட கிழட்டுத் தோல். கிடைத்ததை எல்லாம் குடித்துவிட்டது.

ரேகை வந்தால் தனியாக வருமா, வேலையும் கூடவே வந்தது. காபி டம்ளரைப் பிடித்தால் நடுங்குகிற நீதிபதியின் கை, பக்கத்து அறைக்காரரை ஒருக்களித்துப் படுக்கவைக்கும்போது நடுங்கவில்லை. தன் வாழ்நாளில் தன் தண்ணீரைத் தானே மொண்டு குடித்திராத மனிதர், விடிந்ததும் படுக்கை விரிப்பின் நாலு மூலையையும் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிவிட்டுத் தன் கையைத் தானே எதிர்க்கட்சி வக்கீலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எழுபத்தொன்பது வயது ஞானாம்பிகை டீச்சர், கணக்கு தவிர எதையும் மதிக்காதவர், மேகலாவின் ரேகை வந்ததிலிருந்து பார்க்கிறவர் தலையை எல்லாம் பிடித்துப் பின்னல் போட்டார். மொட்டைத் தலைக்காரர்கள் அவரைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். எனக்கு வந்தது செண்பகத்தின் கை. சிந்தாமல் கஞ்சி ஊட்ட எனக்குத் தெரிந்துவிட்டது. கூடவே அவளுடைய கெட்ட பழக்கமும் வந்தது: ஊட்டி முடித்ததும் கன்னத்தைக் கிள்ளுவாள். ஒரு நாள் நீதிபதிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டேன். கோர்ட் அவமதிப்பு என்றார்.

இந்த அதிசயத்தை ஊர் ஜீரணித்த விதத்தைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகள் முதலில் வீடியோவில் கத்தினார்கள், பிறகு "அப்பா கையைக் காட்டுங்க" என்று பார்த்தார்கள், பிறகு "எங்கப்பா எண்பத்துநாலு வயசுல வேலைக்குப் போறார்" என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசினார்கள். சுகாதார ஆய்வாளர் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து, காய்ச்சல் உண்டா, இல்லை, இருமல் உண்டா, இல்லை, மணம் தெரிகிறதா, தெரிகிறது, என்று கேட்டு 'அறிகுறி இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். எதிரே டீக்கடை மரத்தடியில் தொழிலில்லாமல் உட்கார்ந்திருந்த கைரேகை ஜோசியர் எங்களுக்கு வீடியோவில் கைபார்க்க ஆரம்பித்தார். டீச்சருக்கு இனிமேல் இரண்டு குழந்தை என்றார். டீச்சர் விடை சரிதானா என்று இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, "பிழை" என்றார்.

எங்களுக்குக் கிறுக்குப் பிடித்ததுபோல ஒரு சந்தோஷம். சக்கர நாற்காலிக்காரர் சக்கர நாற்காலிக்காரரைத் தள்ளினார். யார் யாரைக் குளிப்பாட்டுவது என்று குடவோலை போட்டோம். வெந்நீர் வாளிகளோடு வராந்தாவில் போக்குவரத்து நெரிசலானது. கையில் வேலை இருந்தால் மூட்டு வலியைப் பற்றிப் பேச ஆளில்லை.

ஆனால் எங்களுக்குக் கை வந்த அளவுக்கு அந்தப் பெண்களுக்குக் கை போயிற்று. முடிச்சுப் போட வராது, டம்ளர் நழுவும், ஊசியில் நூல் கோக்க முடியாது. பிறந்த குழந்தையின் கைபோல ஆகிவிட்டது. அப்போதுதான் அவர்கள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனார்கள்.

கை போனதாலா போனார்கள்? இல்லை. கை போனபிறகுதான் போக முடிந்தது. எங்கள் இல்லத்தில் ஒரு வழக்கம். எந்தப் பெண்ணும் அடுத்த ஷிஃப்ட் ஆளிடம் ஒப்படைக்காமல் போகமாட்டாள். அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய், இவருக்கு இது பிடிக்கும், இவருக்கு இங்கே வலிக்கும், இவர் மாத்திரையை நாக்குக்கடியில் ஒளிப்பார் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுவாள். ஊரடங்கில் அடுத்த ஷிஃப்ட்டும் இல்லை, ஒப்படைக்க ஆளும் இல்லை. மேனேஜர் கனகராஜ், நல்ல மனிதர், பயந்த மனிதர், "ஆள் வந்ததும் விட்டுடறேம்மா" என்று கும்பிடுவார். ஆள் எங்கிருந்து வரும்? எல்லா இல்லங்களிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஆள் வந்துவிட்டதே, நாங்கள்தான்.

செண்பகம் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவள் நோய் கொண்டுவருவாள் என்று வாடகை வீட்டுக்காரர் அவள் சாமானை வெளியே வைத்துப் பூட்டிவிட்டார், அந்தப் பூட்டை உடைக்கப் போனாள். மேகலா டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அவளுடைய ஒன்றேகால் வயசுப் பிள்ளை வீடியோவில் அவளை "ஆன்ட்டி" என்றது. ஒன்பதாம் அறை வரதன் சித்திரையில் இறந்துபோனபோது, பிள்ளைகள் யாரும் வர முடியாமல், ஸ்டெல்லா தனியாளாக அவரைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினாள். அன்று கை கழுவத் தொடங்கியவள் நிறுத்தவில்லை, சாப்பிட மறந்து கழுவினாள். நான் அழுதேன், அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் போகிறேன் என்று சொன்ன அன்று நாங்கள் எல்லோரும் கைதட்டி அனுப்பினோம்.

இப்படிப் பத்துப் பேர் போய்விட்டார்கள், மெஷினில் மட்டும் ஒருவரும் போகவில்லை. தினம் காலையில் நாங்கள் வரிசையில் நின்று பெருவிரல் வைத்தோம். நன்றி செண்பகம், நன்றி மேகலா, நன்றி ஸ்டெல்லா. டாலஸில் முதலாளி நெஞ்சை நிமிர்த்தி, உலகமெங்கும் ஆள் ஓடுகிறது, என் இல்லத்தில் ஒருத்தர்கூட வேலையை விடவில்லை என்று ஏதோ இணையக் கூட்டத்தில் பேசினாராம்.

பதினோராவது ஆள் பரிமளா. அவள்தான் போகவில்லை.

அவளுக்குக் காங்கேயம் பக்கம் ஊர். முப்பத்தாறு வயது. புருஷன் லாரி டிரைவர், எங்கோ வடக்கே லாரியோடு மாட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது மகள் மித்ரா அத்தை வீட்டில். அந்தப் பெண் வைகாசியில் வயசுக்கு வந்துவிட்டாள். கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பே தனிமைப்படுத்தலைக் கண்டுபிடித்த ஊர் நம்முடையது, ஆகையால் வாசலில் பச்சைத் தென்னோலையில் குடிசை கட்டி உள்ளே உட்காரவைத்தார்கள். ஒரு நல்ல நாள் பார்த்துப் பெண்கள் கூடி மஞ்சள் தண்ணீர் ஊற்றி வீட்டுக்குள் அழைத்துக்கொள்ள வேண்டும். மித்ரா சொல்லிவிட்டாள், அம்மா வந்து தண்ணி ஊத்தாம நான் குடிசையை விட்டு வரமாட்டேன். அத்தை அடித்துப் பார்த்தாள், கொஞ்சிப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் போயிற்று, பதினாறாம் நாள் போயிற்று, ஓலை காய்ந்து இரண்டாம் தரம் ஓலை மாற்றியாயிற்று. பெண் குடிசைக்குள்ளிருந்தே செல்போனில் பாடம் படித்தாள். கணக்கு வாத்தியார் "என்னம்மா பின்னாடி ஓலை?" என்று கேட்டதற்கு "டவர் கிடைக்க, சார்" என்றாளாம். இனி ஆனி இருபத்தொன்பதுதான் கடைசி முகூர்த்தம். ஆடி பிறந்தால் அந்தப் பக்கம் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். இன்னும் ஒரு மாதம் குடிசைதான்.

இதையெல்லாம் பரிமளா யாரிடமும் சொல்லவில்லை. மொட்டைமாடியில் நின்று போனில் பேசுவாள். மொட்டைமாடிக்குக் கீழே என் ஜன்னல்.

ஆனி இருபத்தாறாம் தேதி சென்னையிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி போன் செய்தாள். 'பெருந்தொற்றுக் காலத்தில் முதியோர் இல்லப் பணியாளர்கள் ஏன் வேலையை விடுகிறார்கள்' என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஒருவரும் விடாத இல்லம் என்று கேள்விப்பட்டுப் பணியாளர்களிடம் பேச வேண்டும் என்றாள். கனகராஜுக்கு வியர்த்துக் கொட்டியது. "யார் கையில யார் ரேகையோ அவங்களே பேசுங்க" என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

எத்தனை வருஷம் கழித்து! நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, "லைன்ல இருங்க மேடம், கனெக்ட் பண்றேன்" என்று ஒவ்வொருவராக இணைப்புக் கொடுத்தேன். டீச்சர் மேகலாவாகப் பேசினார், நான் செண்பகமாகப் பேசி வீட்டுக்காரனைத் திட்டினேன், மாணவிக்கு ஒரே சந்தோஷம். பிறகு நீதிபதி போனை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

"உங்க பேருங்க?"

"பரிமளா."

"அக்கா, தொண்டை சரியில்லையா?"

"கபசுரக் குடிநீர் குடிச்சேன். கேள்வியைக் கேள்."

"வேலையை விட்டுடலாம்னு எப்பவாவது தோணியிருக்காக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். அப்போது மேஜைமேல் இருந்த அவருடைய வலது கை தானாக எழுந்தது. சொம்பைப் பிடிப்பதுபோல விரல் வளைந்தது. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் தலை இருக்கிற உயரத்துக்குப் போய், மெதுவாகச் சாய்ந்து, காற்றில் ஊற்றியது. ஊற்றிவிட்டு மறுபடி மொண்டது, மறுபடி ஊற்றியது. நீதிபதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாட்சி சொல்லும்போது அவர் குறுக்கே பேசியதில்லை.

"தோணியிருக்கு," என்றார். "என் மக பெரியவளாகி ஒரு மாசமாச்சு. இங்க தினம் இத்தனை பேரைக் குளிப்பாட்டறேன். அவளுக்குத் தண்ணி ஊத்த நான் போகலை."

"அப்புறம் ஏன்க்கா இன்னும் போகலை?"

"அது," என்றார் நீதிபதி, "எனக்குத் தெரியலை."

போனை வைத்துவிட்டுப் பரிமளாவைக் கூப்பிட்டார். அவள் ஒரு டம்ளரைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"உன் மகளுக்குத் தண்ணி ஊத்தப் போகாம இங்க என்ன பண்றே?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். கை சொல்லிவிட்டது என்று அவளுக்குப் புரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒப்படைக்கறக்கு ஆளில்லீங்க அய்யா."

"என் கையில உன் ரேகை இருக்கு. நான்தான் ஆள். ஒப்படை."

அவள் ஒப்படைத்தாள். அவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு பின்னால் போக, நான் ஒட்டுக்கேட்டுக்கொண்டே அவர் பின்னால் போக, ஒன்றாம் அறையிலிருந்து தொடங்கினாள். இவங்களுக்குச் சோத்துல கருவேப்பிலை கெடக்கக்கூடாதுங்க. இவருகிட்ட காலைல மொதல்ல நாந்தான் கும்புடு போடோணும், அவரு போடறாப்புல வெச்சுக்காதீங்க. ரோஸ்லின் அம்மாவுக்குக் குளிக்கறப்ப ஊர்க்கதை சொல்லோணும், இல்லீனா சோப்புப் போட விடமாட்டாங்க. எல்லாம் சொல்லி, நாலாம் அறையைத் தாண்டிப் போய்விட்டாள்.

"நாலு விட்டுப்போச்சு," என்றார் நீதிபதி. நாலாம் அறை அவருடையது.

"அய்யா, அது உங்க ரூமுங்க."

"தெரியும். ஒப்படைன்னா முழுசா ஒப்படை."

பரிமளா அந்த அறை வாசலில் நின்றாள். உள்ளே யாரோ படுத்திருப்பதுபோலத் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"நாலாம் நம்பருங்க. கட்டிலுக்குப் பக்கத்துல மணி சுவிட்ச் இருக்குங்க, ஆறு வருசமா அதை அமுக்குனதில்லீங்க. காலைல காலு மரத்திருக்கும், ஆள் புடிக்காம எந்திரிக்கக்கூடாது, தனியாத்தான் எந்திரிப்பாரு. மாசியில உழுந்துட்டாரு. போய்ப் பாத்தா, 'கீழ உக்காந்து யோசிச்சிட்டிருக்கேன்'னாரு. வேட்டி நனைஞ்சுபோச்சுன்னா ஜன்னல்ல மழை அடிச்சுதும்பாரு, சித்திரை வெயில்ல. அதனால அவரு கூப்புடுவாருன்னு இருக்கக்கூடாதுங்க. அரைமணிக்கொருக்கா நாமளே எட்டிப் பாக்கோணும், பாக்கறது தெரியாமப் பாக்கோணும். கை போனதுக்கப்புறம் எனக்கு இங்க அந்த ஒரு வேலைதானுங்க."

முப்பது வருஷம் மேஜைமேல் மணி அடித்து டவாலிகளையும் குமாஸ்தாக்களையும் ஓட ஓட விரட்டியவர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு தன் காலி அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஆள் சரியான பொய்யன்," என்றார்.

"இல்லீங்க. கௌரவம் பாக்கறவருங்க."

"இதுக்காகவா போகாம இருக்கே?"

"வேணுங்கறப்ப மணி அடிப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அய்யா. இப்பவே கெளம்பறனுங்க."

"தீர்ப்பை ஒத்திவைக்கிறேன்," என்று சொல்லி அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அப்ப நானும் ஒத்திவெக்கறனுங்க," என்றாள் அவள், கதவைப் பார்த்து.

இரண்டு நாள் இரண்டு பேரும் ஒத்திவைத்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பாவதுபோல ஆனி மாதம் குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. இருபத்தெட்டாம் தேதி காலையில் அவர் அறைக்குப் போய், "அய்யா, அங்க ஒரு சின்னப் பொண்ணு ஓலைக்குள்ள உக்காந்திருக்கு, இங்க ஒரு கிழவர் கௌரவத்துக்குள்ள உக்காந்திருக்கார். ரெண்டுல எந்தக் குடிசையை முதல்ல பிரிக்கறது?" என்று கேட்டேன். அவர் என்னை முறைத்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து, "சரி. அடிக்கிறேன். போ," என்றார்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் பெரிய மனுஷன் வாயால் சொல்லிவிட்டான், மகள் காத்திருக்கிறாள். அவள் எல்லோர் காலையும் தொட்டுக் கும்பிட்டு, "போயிட்டு வரனுங்க" என்று கிளம்பினாள். கனகராஜ் அழுதுகொண்டே கேட்டைத் திறந்தார். செருப்பு வாரை மாட்ட அவளுக்குக் கை வரவில்லை. நீதிபதியின் கைதான் குனிந்து மாட்டிவிட்டது.

வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்களாம். கோயமுத்தூரிலிருந்து வருகிறவள் என்று கையில் முத்திரை குத்தப் பார்த்தார்கள். அந்த வழவழத்த கையில் மை நிற்கவில்லை, சேம்பிலைத் தண்ணீராக உருண்டு கீழே விழுந்தது. போலீஸ்காரர் மூன்று தரம் குத்திப் பார்த்தார். மூன்றாம் தரம் அவருடைய ஷூவில் 'தனிமைப்படுத்தப்பட்டவர்' என்று பதிந்தது. "போம்மா தாயே" என்று அனுப்பிவிட்டார்.

இருபத்தொன்பதாம் தேதி காலை, மேனேஜர் அறையின் பெரிய டிவியில் வீடியோவை இணைத்து நாங்கள் இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். வரதன் நாற்காலியை மட்டும் காலியாக விட்டோம். காங்கேயம் பக்கத்து வாசல் தெரிந்தது. ஓலைக் குடிசை, மனைப்பலகை, மஞ்சள் கரைத்த அண்டா, ஒரு ஆடு. ஆட்கள்தான் இல்லை. கோயமுத்தூர்க்காரி வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. ஒன்பது பெண்கள் ஊற்ற வேண்டிய இடத்தில் பரிமளாவும் நாத்தனாரும் இரண்டே பேர்.

மித்ரா குடிசையிலிருந்து தலையை நீட்டினாள். அம்மாவைப் பார்த்தாள். ஒரு மாதத்துப் பிடிவாதம் உதட்டில் வந்து கோணி, ஆனால் அழாமல், எழுந்து வந்து மனையில் உட்கார்ந்தாள்.

பரிமளா சொம்பை மொண்டாள். கை வரவில்லை. முதல் சொம்பு நழுவி நாத்தனார் தலையில் கொட்டியது. இரண்டாவது ஆட்டின்மேல். மூன்றாவது அவள்மேலேயே. மகள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. மகள் சிரித்துவிட்டாள், அம்மா சிரிக்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, நூறு நாள் ஊரார் உடம்பெல்லாம் கழுவிய கை, தன் பிள்ளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றத் தெரியாமல், வாசல் நடுவில் நின்றாள்.

டிவிக்கு முன்னால் நீதிபதியின் கை எழுந்தது.

விரல் வளைந்து, உயர்ந்து, சாய்ந்தது. காங்கேயம் பக்கத்தில், மித்ராவின் உச்சந்தலையில், தண்ணீர் நூல் பிடித்ததுபோல நேராக விழுந்தது.

"அய்யோ, ஆம்பளை ஊத்தலாமா?" என்று நாத்தனார் அங்கிருந்து கத்தினாள்.

"ஆள்தான் ஆம்பளை, கை பரிமளாவோடது!" என்று நான் இங்கிருந்து கத்திவிட்டு, என் கையையும் தூக்கினேன். டீச்சர் கையைத் தூக்கினார். மேகலாவின் கை, செண்பகத்தின் கை, ஸ்டெல்லாவின் கை, பதினோரு பெண்களின் கைகளும் எங்கள் நரைத்த தலைகளுக்கு மேலே எழுந்து சாய, அங்கே அந்தப் பெண் தலையில் மஞ்சள் தண்ணீர் கொட்டு கொட்டென்று கொட்டியது. டீச்சர் ஒன்பது என்று எண்ணி நிறுத்தச் சொன்னார், யார் கேட்டார்கள், முப்பது ஊற்றினோம், நாற்பது ஊற்றினோம், மூச்சு முட்டுகிறது என்று அது கூவக் கூவ ஊற்றினோம், ஆடு குளித்தது, அத்தை குளித்தாள், எங்கள் குளியலறைகளில் நிறைத்துவைத்த வாளிகள் ஒவ்வொன்றாகக் காலியாகும் சத்தம் கேட்டது, வழியெல்லாம் சிந்தி வராந்தாவில் கணுக்கால் தண்ணீர் நின்றது, தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்து அந்த ஊர்ப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒருத்தி குலவையிட்டாள்.

நனைந்து நடுங்கிக்கொண்டு மித்ரா எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, உன் கைல ஒண்ணுமே இல்ல."

"கழுவிக் கழுவிப் போயிருச்சு தங்கம்."

பெண் தன் மஞ்சள் விரலால் அந்த உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தாள். அழிந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அழியவில்லை. பரிமளா அப்போதுதான் அழுதாள். நாங்களும் அழுதோம், கனகராஜ் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார்.

ஓலைக் குடிசையை எரித்தபின் வீடியோ முடிந்தது. எல்லோரும் துடைப்பமும் துணியுமாக வராந்தாவைத் துடைக்கப் போனோம். நீதிபதி மட்டும் வேலை முடிந்த களைப்பில் தன் அறைக்குப் போய்விட்டார். மணி பதினொன்றிருக்கும். நான் ஐந்தாம் அறை வாசலில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது.

வராந்தாச் சுவரில் அறைக்கொன்றாக வரிசையாகச் சிவப்பு பல்புகள் இருக்கும். ஆறு வருஷமாக எரியாத ஒரு பல்பு தூசியோடு எரிந்தது. துடைத்துக்கொண்டிருந்த எல்லோரும் அப்படியே நின்று, அந்த நாலைப் பார்த்தார்கள்.

நான் போனேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு கை இன்னும் சுவிட்சின்மேல் இருந்தது. என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"ரோஸ்லின், வேட்டி நனைஞ்சிருக்கு."

"காலையில ஊத்தின தண்ணியா, அய்யா?"

"இல்லை."

"மழையா?"

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்தார்.

"இல்லை," என்றார்.

நான் செண்பகத்தின் கையால் அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, உலர்ந்த வேட்டி எடுக்கப் போனேன். போகிற வழியில் காங்கேயத்துக்கு ஒரு கால் போட்டு, "நாலாம் நம்பர் மணி அடிச்சாச்சு" என்று மட்டும் சொன்னேன்.